குவாந்தானிலிருந்து எத்தனை டன் போனது, எவ்வளவு காசு வந்தது?

கேள்வி, பிப்ரவரி 11, மாலை

காஜாங்கிலிருந்து ஒரு வாசகர்: "அண்ணே, சுரங்கத் தொழிலில் வெளிப்படைத்தன்மை இல்லை, இல்லை என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். காங்கோவிலும் நைஜீரியாவிலும் நடப்பது போல நம் மலேசியாவில் என்ன நடந்துவிட்டது? நமக்குச் சட்டம் இருக்கிறது, கனிமத்துக்கென்று இலாகா இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. பகாங்கில் குவாந்தான் பக்கம் அலுமினியத் தாதுவான பாக்சைட் அளவு மீறிப் போனதும் நிறுத்தினார்களே. அப்புறம் என்ன குறை? அசைன்மெண்டுக்காகத்தான் கேட்கிறேன், ஆனால் எனக்கே தெரிந்துகொள்ளவும் ஆசை."

பிப்ரவரி 11, இரவு

தம்பி, குவாந்தானையே எடுத்துக்கொள்வோம். 2014 ஜனவரியில் இந்தோனேசியா, பதப்படுத்தாத தாதுவை வெளியே அனுப்பக் கூடாது என்று தடை போட்டது. சீனாவின் அலுமினிய ஆலைகளுக்கு பாக்சைட் வேண்டும். குவாந்தானில் அது மேல்மண்ணிலேயே கிடக்கிறது, பக்கத்திலேயே துறைமுகம். 2013ல் நாடு முழுக்கத் தோண்டியது சுமார் இரண்டு லட்சம் டன். 2015ல் 2 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. புக்கிட் கோ பெல்டா நிலத்திட்டத்தில் குடியேறியவர்களில் பலர் செம்பனையை வெட்டிவிட்டு நிலத்தைத் தோண்டக் கொடுத்தார்கள். லோரிகள் இரவு பகல் பார்க்காமல் ஓடின.

அந்த வருஷம் தீபாவளிக்கு மாமா வீட்டுக்குக் குவாந்தான் போயிருந்தோம். அத்தை வாசலைக் கழுவிக் கோலம் போட்டு நிமிர்வதற்குள் மாவு மேல் சிவப்புத் தூசி படிந்துவிட்டது. சாமி மேடையில் படங்களைத் துடைத்த துணி செங்கல் நிறத்தில் இருந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மூச்சுத் திணறல், ஜன்னலைத் திறப்பதே இல்லை. டிசம்பர் கடைசியில் மழை அடித்துக் கடலும் சிவந்தபோதுதான் கோலாலம்பூர் திரும்பிப் பார்த்தது. 2016 ஜனவரி 15லிருந்து மூன்று மாதத் தடை. அதை நீட்டி நீட்டி 2019 மார்ச் 31 வரை கொண்டுபோனார்கள்.

நிறுத்தினார்கள், மறுக்கவில்லை. நான் கேட்பது வேறு. அந்த இரண்டு வருஷத்தில் எந்த லோட்டிலிருந்து, அதாவது எந்த நிலத்துண்டிலிருந்து, எத்தனை டன் போனது, அந்த லோட்டில் தோண்ட அனுமதி யார் பெயரில் இருந்தது, அவர் மாநிலத்துக்கு எவ்வளவு ராயல்டி கட்டினார்? இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி, என் மாமாவோ நீங்களோ பார்க்கிற மாதிரி யாராவது வைத்திருக்கிறார்களா? தேடிப் பாருங்கள். உங்கள் அசைன்மெண்டின் பாதி அந்தத் தேடலிலேயே முடிந்துவிடும்.

பிப்ரவரி 12, காலை

"புள்ளிவிவரம்தான் வெளியாகிறதே" என்று தைப்பிங்கிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி, கனிம, புவி அறிவியல் இலாகா வருடாந்திரப் புள்ளிவிவரம் வெளியிடுகிறது. எத்தனை டன் ஈயம், எத்தனை டன் இரும்பு, எந்த மாநிலம் என்றெல்லாம் இருக்கிறது. நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் அது மொத்தக் கணக்கு. நூறு குழியின் கணக்கைக் கூட்டி ஒரே எண்ணாகக் கொடுத்தால் அதில் எந்தக் குழி ஏமாற்றியது என்று எப்படிப் பார்ப்பது? நம் ஊர்க் கோயிலில் திருவிழா முடிந்ததும் பத்து வெள்ளி கொடுத்தவர் பெயரைக்கூட எழுதிப் பலகையில் ஒட்டுகிறோம். மொத்த வசூல் இவ்வளவு என்று ஒரே வரியில் முடித்தால் எந்தக் கோயில் பொதுக்கூட்டம் சும்மா விடும்?

பிப்ரவரி 12, இரவு

மத்தியானம் எழுத நேரமில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிப்படைத்தன்மை என்றாலே பெரிய ஒப்பந்தம், மந்திரி, பெட்டியில் பணம் என்றுதான் நினைக்கிறோம். நான் பார்த்தது எடை மேடையில்.

ஐந்தாம் படிவம் முடித்த கையோடு பினாங்கின் பெருநிலப் பகுதியில், கெடா எல்லைப் பக்கம், ஒரு கல்லுடைப்பில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். வேலை, லோரி நிறுக்கும் மேடைக்குப் பக்கத்துச் சின்ன அறையில். லோரி காலியாக ஏறும், ஓர் எடை. கல் ஏற்றிக்கொண்டு திரும்ப வரும், இன்னோர் எடை. கழித்தால் சரக்கு. அதை டிக்கெட்டில் அடித்து, வெள்ளைத் தாள் ஓட்டுநருக்கு, மஞ்சள் கணக்குப் பிரிவுக்கு, ரோஸ் எங்கள் கோப்புக்கு. டிக்கெட்டில் லோரி எண், நேரம், அனுமதிச் சீட்டு எண், ஓட்டுநர் கையெழுத்து எல்லாம் இருக்கும். பார்க்கப் பக்காவான ஏற்பாடு.

இப்போது எங்கே ஓட்டை என்று பாருங்கள். காலி எடையை ஒவ்வொரு தடவையும் எடுக்க நேரமில்லை என்று காலையில் ஒருமுறை எடுத்ததையே நாள் முழுக்கப் போடச் சொல்வார்கள். காலையில் டாங்கி நிறைய டீசலும் பக்கத்தில் உதவியாளரும் இருக்கும்போது எடுத்தது, ஆகவே காலி எடை கூடுதலாக இருக்கும். ஒவ்வொரு நடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரக்கு குறைந்து காட்டும். அடுத்தது, எங்கள் அனுமதிச் சீட்டு கன மீட்டர் கணக்கில், மேடை டன் கணக்கில். டன்னைக் கன மீட்டராக மாற்ற ஓர் எண் உண்டு. உடைத்த கல்லுக்கு ஓர் எண், உடைக்காத பாறைக்கு வேறோர் எண். எந்த எண்ணைப் போடுகிறோமோ அதைப் பொறுத்து அரசுக்குக் கட்டும் தொகை மாறும். அந்த எண்ணை முடிவுசெய்தது மேலாளரின் மேசை, நில அலுவலகம் இல்லை.

மூன்றாவதுதான் பெரிசு. ஆறு மணிக்கு மேடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவேன். வழியில் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது எங்கள் கல்லை ஏற்றிக்கொண்டு லோரிகள் வெளியே போகும். மறுநாள் கோப்பில் அவற்றுக்கு ரோஸ் தாள் இருக்காது. மேலாளரைக் கேட்டேன். "அது வேற கணக்கு, உனக்கு எதுக்கு" என்றார். பதினெட்டு வயசு, அதற்குமேல் கேட்கத் தெரியவில்லை. மாதக் கடைசியில் அதிகாரி ஒருவர் வந்து கோப்பைப் புரட்டிப் பார்ப்பார். ரோஸ் தாளும் மஞ்சள் தாளும் பொருந்தினால் போதும். இரண்டையும் அடித்தது ஒரே மிஷின், பொருந்தாமல் எங்கே போகும்?

அங்கே அப்போது ஒரே ஒரு விஷயம் வெளியே தெரிந்திருந்தால் போதும்: இந்தக் கல்லுடைப்பு இந்த மாதம் இத்தனை டன் என்று காட்டி இவ்வளவு கட்டியிருக்கிறது என்று வாசலிலோ இணையத்திலோ ஒரு வரி. கல் வாங்கிய கட்டுமானக் கம்பெனிகள் தாங்கள் வாங்கியதைக் கூட்டிப் பார்த்திருக்கும். கடைக்காரர்கூட லோரியை எண்ணிச் சொல்லியிருப்பார். இரவில் எத்தனை லோரி போகிறது என்று அந்தச் சாலையில் எல்லாருக்கும் தெரியும். எதனோடு ஒப்பிடுவது என்பதுதான் யாரிடமும் இல்லை.

பிப்ரவரி 14

"அமைச்சரைப் பிடித்துக் கேளுங்கள், அவர்தானே பொறுப்பு" என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. நம் அரசியலமைப்பில் நிலம் மாநிலத்தின் கையில். கனிமம் தேடுவதற்கான அனுமதி, சுரங்கக் குத்தகை எல்லாம் ஒன்பதாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. கனிம வள மேம்பாடு, ஏற்றுமதி ஆகியவை கூட்டரசுப் பட்டியல். சுரங்கத்தில் பாதுகாப்பும் மேற்பார்வையும் 1994ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டத்தில். சுற்றுச்சூழல் இன்னொரு சட்டம், 1974. லோரி ஓடும் சாலைக்கு இன்னோர் இலாகா, துறைமுகத்தில் சுங்கத்துறை.

ஆகவே குவாந்தானில் ஒரு லோரி பாக்சைட்டுக்கு ஐந்தாறு அலுவலகம் பொறுப்பு. அவை ஒவ்வொன்றிடமும் ஒரு கணக்கு இருக்கிறது. நில அலுவலகத்திடம் ராயல்டி, கனிம இலாகாவிடம் உற்பத்தி, துறைமுகத்திடம் கப்பலில் ஏறியது, சுங்கத்திடம் ஏற்றுமதி மதிப்பு, வரி வாரியத்திடம் கம்பெனியின் லாபம். சீனச் சுங்கத்திடம் அங்கே இறங்கியது. இந்த ஆறையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிற வேலை யாருடையதும் இல்லை. 2016ல் தடையை அறிவித்த கூட்டரசு அமைச்சர் வான் ஜுனைடியின் கையில் குத்தகை கொடுக்கும் அதிகாரம் கிடையாது, அது மாநில ஆட்சிக்குழுவிடம். மாநிலம் "ஏற்றுமதி எங்களிடம் இல்லை" என்னும், கூட்டரசு "நிலம் எங்களிடம் இல்லை" என்னும். இரண்டுமே சட்டப்படி உண்மை.

காஜாங் தம்பி, "சட்டம் இருக்கிறதே" என்று கேட்டீர்களே, சட்டம் நிறையவே இருக்கிறது. எல்லாச் சட்டத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் மண் வெளியே போகிறது.

பிப்ரவரி 15

கம்பெனிக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று பார்க்க முடியாதா என்று கேட்ட கிள்ளான் அக்காவுக்கு: கம்பெனி ஆணையத்தில் கட்டணம் கட்டினால் இயக்குநர்கள், பங்குதாரர்கள் பெயர் கிடைக்கும். ஆனால் அங்கே இன்னொரு கம்பெனியின் பெயர் இருக்கும், அதற்குள் போனால் இன்னொன்று. உண்மையில் பலன் அடைபவர் யார் என்று பதிவுசெய்ய வேண்டும் என்று 2024 ஏப்ரலிலிருந்து சட்டம் கடுமையாகியிருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் அந்தப் பதிவேடு அமலாக்க அதிகாரிகளுக்குத்தான், நம்மைப் போன்றவர்கள் திறந்து பார்க்க முடியாது. சுரங்கக் குத்தகை எடுத்த கம்பெனிகளுக்கு மட்டுமாவது அதைத் திறந்துவிடலாம் என்பது என் எண்ணம். தோண்டுவது பொதுச் சொத்து, எடுப்பவர் யார் என்று தெரியக் கூடாதா?

பிப்ரவரி 18

புக்கிட் மேராவைப் பற்றி ஒருவர் கேட்டார், அதை ஒரு வரியில் கடக்க மனம் வரவில்லை. இளைய தலைமுறைக்கு அந்தப் பெயர் தைப்பிங் பக்கத்து ஏரியைத்தான் ஞாபகப்படுத்தும். இது ஈப்போவுக்குப் பக்கத்தில், லஹாட் அருகே இருக்கும் புக்கிட் மேரா.

கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்த பிறகு மிஞ்சும் கனமான மணலுக்கு அமாங் என்று பெயர். அதில் மோனசைட் என்ற கனிமம் இருக்கும். மோனசைட்டில் அரிய மண் தனிமங்கள் இருக்கும், கூடவே கதிரியக்கம் உள்ள தோரியமும் இருக்கும். மிட்சுபிஷி கெமிக்கலின் பங்கோடு ஏஷியன் ரேர் எர்த் என்ற கம்பெனி 1982ல் அங்கே ஆலையைத் தொடங்கியது. அரிய மண்ணை எடுத்துக்கொண்டார்கள், தோரியக் கழிவு ஊருக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அது என்ன கழிவு, தொட்டால் என்ன ஆகும் என்று ஊராருக்கு யாரும் சொல்லவில்லை. கழிவைப் பாப்பானில் புதைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் 1984ல் அந்த ஊர் மக்கள் எழுந்தார்கள். 1985ல் புக்கிட் மேரா மக்கள் எட்டுப் பேர் ஈப்போ உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்களுக்குத் துணையாக நின்றது எங்கள் பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் சஹாபாட் ஆலாம் என்ற சுற்றுச்சூழல் அமைப்பும். வழக்காடிய வழக்கறிஞர்களில் ஒருவர் மீனாட்சி ராமன். பினாங்கில் வளர்ந்த எனக்கு இது பெருமை, மறைக்க மாட்டேன்.

1992 ஜூலையில் ஆலையை மூடச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அதற்குப் பிறகும் 1994 ஜனவரியில் கம்பெனியே மூடுவதாக அறிவித்தது. ஊர் எதிர்ப்பு அந்த அளவுக்குப் போயிருந்தது. துப்புரவு வேலை அதற்கப்புறமும் பல வருஷம் ஓடியது, செலவு சுமார் பத்துக் கோடி அமெரிக்க டாலர்.

இதில் என்னை இன்றைக்கும் உறுத்துவது எட்டுப் பேர் கோர்ட்டுக்குப் போய்த்தான் தங்கள் வீட்டுப் பின்புறத்தில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள முடிந்தது என்பதுதான். கதிரியக்க அளவு என்ன, யார் அளந்தார்கள், உரிம நிபந்தனை என்ன எல்லாமே சாட்சி விசாரணையில் வெளியே வந்தது. ஒரு கிராமத்துக் குடும்பம் ஒரு தகவலைப் பெற ஒன்பது வருஷம் வழக்கு நடத்த வேண்டும் என்றால் அந்தத் தகவல் இருக்கிறது என்று சொல்வதில் என்ன பயன்?

பிப்ரவரி 18, கொஞ்சம் கழித்து

குவாந்தான் பக்கம் கெபெங்கில் அரிய மண் ஆலை நடத்தும் லைனாஸ் கம்பெனியையும் இதோடு சேர்த்துக் கேட்டவருக்கு: அந்த ஆலைக்கு வரும் தாது மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்டிலிருந்து வருகிறது. 2012லிருந்து இங்கே பதப்படுத்துகிறார்கள். நம் மண்ணைத் தோண்டுவது பற்றிய கேள்வி அதில் இல்லை, கழிவு பற்றிய கேள்விதான். ஒரு வேற்றுமையைக் கவனியுங்கள். லைனாஸைப் பற்றி உரிம நிபந்தனைகள், ஆய்வுக் குழு அறிக்கை என்று எத்தனையோ தாள்கள் வெளியே கிடைக்கின்றன. காரணம் குவாந்தான் மக்கள் ஆரம்பத்திலிருந்தே கூட்டம் கூட்டமாக நின்று கேட்டார்கள். புக்கிட் மேராவின் அனுபவம் அவர்களுக்கு முன்னால் இருந்தது.

பிப்ரவரி 22

சரி, உலகத்தில் இதை யாராவது ஒழுங்காகச் செய்கிறார்களா என்று கேட்டீர்கள். இஐடிஐ என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது, தோண்டி எடுக்கும் தொழில்களுக்கான வெளிப்படைத்தன்மை முன்முயற்சி. 2002ல் ஜோஹானஸ்பர்க் மாநாட்டில் அறிவிக்கப்பட்டது, செயலகம் ஓஸ்லோவில். 50க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. அடிப்படை எளிது: கம்பெனி "நான் இவ்வளவு கட்டினேன்" என்று எழுத வேண்டும், அரசு "எனக்கு இவ்வளவு வந்தது" என்று எழுத வேண்டும், மூன்றாவது ஆள் இரண்டையும் ஒப்பிட்டு வெளியிட வேண்டும். அரசு, கம்பெனி, பொதுமக்கள் அமைப்பு மூவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். 2020லிருந்து உண்மையான உரிமையாளர் பெயரையும், 2021லிருந்து கையெழுத்தாகும் புது ஒப்பந்தங்களையும் வெளியிட வேண்டும் என்று விதி இறுகியது.

மலேசியா அதில் உறுப்பினர் இல்லை. பக்கத்தில் இந்தோனேசியா இருக்கிறது, பிலிப்பைன்ஸ் இருக்கிறது, திமோர் லெஸ்தே இருக்கிறது. பிலிப்பைன்ஸ் 2013ல் சேர்ந்து, 2017ல் விதிகளைத் திருப்தியாக நிறைவேற்றிய முதல் நாடு என்று பெயர் வாங்கியது. நைஜீரியா 2007ல் இதைத் தன் நாட்டுச் சட்டமாகவே ஆக்கியது. தம்பி, நீங்கள் எந்த நைஜீரியாவைக் காட்டி "அங்கே போல இங்கே இல்லை" என்றீர்களோ, அந்த நைஜீரியாவில் எண்ணெய்க் கம்பெனி கட்டியதும் அரசுக்கு வந்ததும் கம்பெனி வாரியாக அறிக்கையில் இருக்கிறது. இங்கே ஒரு பாக்சைட் குழியின் கணக்கு நமக்குக் கிடைக்காது.

பிப்ரவரி 23

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதில் சேர்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது போல யாருக்காவது தோன்றினால் அது சரியில்லை. அஜர்பைஜான் முதலில் தேறிய நாடு. அங்கே பொதுமக்கள் அமைப்புகளை நெருக்கினார்கள், இஐடிஐ கண்டித்ததும் 2017ல் விலகிப் போய்விட்டது. மியன்மார் 2014ல் சேர்ந்தது, 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் நிறுத்திவைக்கப்பட்டது. பிலிப்பைன்ஸே 2022ல் விலகுகிறோம் என்று அறிவித்து, ஆட்சி மாறிய பிறகு மனம் மாறியது. இந்தோனேசியாவில் மாவட்டத் தலைவர்களுக்கு அதிகாரம் பிரித்துக் கொடுத்ததும் பத்தாயிரத்துக்கும் மேல் சுரங்க உரிமங்கள் முளைத்தன. ஒன்றின் மேல் ஒன்று விழுந்த எல்லைகள், வரி எண்ணே இல்லாத உரிமைக்காரர்கள். அதைச் சுத்தம் செய்ய அந்நாட்டு ஊழல் ஒழிப்பு ஆணையம் இறங்கி, ஆயிரக்கணக்கில் உரிமங்கள் ரத்தாயின. அறிக்கை மட்டும் அதைச் செய்யவில்லை. கையில் அதிகாரம் உள்ள ஆள் ஒருவர் அறிக்கையை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போக வேண்டியிருந்தது.

மதுரை நண்பர் ஒருவர் தங்கள் ஊர்க் கிரானைட் விவகாரத்தை நினைவுபடுத்தினார். 2012ல் மாவட்ட ஆட்சியராக இருந்த சகாயம் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கும் மேல் இழப்பு என்று அறிக்கை கொடுத்தார். கண்மாயும் மலையும் காணாமல் போனது ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம். அதிகாரத்தில் இருந்த ஒருவர் எழுத்தில் வைக்கும் வரை அது வெறும் பேச்சாக இருந்தது.

பிப்ரவரி 27

"இவ்வளவு தெரிந்தவர்கள் ஏன் பேசுவதில்லை?" நியாயமான கேள்வி. பகாங்கில் ரவூப் பக்கம் புக்கிட் கோமான் என்றொரு ஊர். 2009லிருந்து அங்கே பழைய சுரங்க மண்ணிலிருந்து சயனைடு வைத்துத் தங்கம் எடுத்தார்கள். சுற்றுச்சூழல் அறிக்கைக்கு ஒப்புதல் 1997லேயே கொடுத்தாகிவிட்டது. ஊர்மக்கள் 2008ல் நீதிமன்றம் போனபோது தாமதம் என்று வழக்கு தள்ளுபடியானது. ஒப்புதல் கொடுத்த விஷயம் ஊருக்குத் தெரியாவிட்டால் ஊர் எப்படி நேரத்தோடு போகும்? அந்த ஊர்மக்களின் உடல்நலக் குறைகளை வெளியிட்ட செய்தித் தளத்தின் மேல் கம்பெனி அவதூறு வழக்குப் போட்டது. 2021 ஜூலையில் கூட்டரசு நீதிமன்றம், ஐந்து நீதிபதிகளில் மூவர் கருத்துப்படி, கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நஷ்டஈடும் செலவும் சேர்த்து ஐந்தரை லட்சம் வெள்ளி. அந்தத் தொகையைக் கேட்ட பிறகு எந்தச் சின்னப் பத்திரிகை சுரங்கத்தின் பக்கம் நிருபரை அனுப்பும்?

அரசு உத்தியோகத்தில் இருப்பவருக்கு வேறு பயம். 1972ஆம் ஆண்டின் அரசு இரகசியச் சட்டம், 1986 திருத்தத்துக்குப் பிறகு குற்றம் நிரூபணமானால் குறைந்தது ஒரு வருஷம் சிறை. எந்தத் தாளிலும் இரகசியம் என்று முத்திரை குத்தலாம். புகைமூட்டக் காலத்தில் காற்றின் தூய்மைக்கேட்டு அளவையே பல வருஷம் மறைத்து வைத்திருந்தார்கள், 2005ல்தான் வெளியிட்டார்கள். வெளியிட்டதால் என்ன கெட்டுப்போனது? இன்றைக்குப் பள்ளிக்கூடம் மூடலாமா என்று அம்மாக்கள் காலையில் கைப்பேசியில் அந்த எண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

சிலாங்கூரும் பினாங்கும் மட்டும் மாநில அளவில் தகவல் சுதந்திரச் சட்டம் வைத்திருக்கின்றன, இரண்டும் 2011ல் நிறைவேறியவை. ஏன் கேட்கிறாய் என்று காரணம் எழுத வேண்டும், கட்டணம் உண்டு. இருந்தாலும் ஒரு வாசல் இருக்கிறது. பகாங்கில், பேராக்கில் அதுவும் இல்லை. சுரங்கம் அதிகம் அங்கேதான்.

மார்ச் 3

தொழிலில் இருக்கிற ஒருவர் தனியாக எழுதினார், அனுமதியோடு அவர் வாதத்தை வைக்கிறேன். டன் கணக்கை வெளியே போட்டால் போட்டிக் கம்பெனிக்கு நம் செலவும் தரமும் தெரிந்துவிடும், வாங்குபவர் விலையை அடிப்பார், ஒழுங்காகக் கட்டுகிறவன்தான் நஷ்டப்படுவான் என்கிறார்.

மூன்று நாள் இதை யோசித்தேன். விலையைப் பற்றி அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. யாருக்கு என்ன விலைக்கு விற்றார் என்பது வெளியே வர வேண்டாம். எனக்கு வேண்டியது எத்தனை டன் வெளியே போனது, அரசுக்கு எவ்வளவு கட்டப்பட்டது, குத்தகை யாருடையது. டன் கணக்கு ஆறு மாதம் கழித்து வந்தாலும் பரவாயில்லை. அவர் சொன்ன கடைசி வரியை மட்டும் நான் ஏற்கவில்லை. ஒழுங்காகக் கட்டுகிறவர் இன்றைக்கே நஷ்டப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறார், பக்கத்துக் குழிக்காரர் ராத்திரி லோரியில் ராயல்டி கட்டாத சரக்கை மலிவாக விற்பதால். நான் வேலை பார்த்த கல்லுடைப்புக்கு எதிரே முறையாக நடந்த ஒரு சின்ன கல்லுடைப்பு இருந்தது. அது மூடிப்போனது, எங்களுடையது ஓடியது. அதே நண்பரிடம் இதைச் சொன்னேன். "அது உண்மைதான் அண்ணே" என்று மட்டும் பதில் வந்தது.

மார்ச் 9

இப்போது இதைக் கிளப்புவதற்குக் காரணம் இருக்கிறது. அரிய மண் தனிமங்களைப் பதப்படுத்தாமல் வெளியே அனுப்ப 2024 ஜனவரி 1லிருந்து தடை. கொள்கை நல்ல கொள்கை, இங்கேயே ஆலை, இங்கேயே வேலை. ஹுலு பேராக்கில் கெனெரிங் பக்கம் களிமண்ணிலிருந்து அதை எடுக்கும் முன்னோடித் திட்டம் நடந்தது. குழி தோண்டாமல் மலையில் துளை போட்டு ரசாயனக் கரைசலை விட்டுக் கரைத்து எடுக்கும் முறை. மற்ற மாநிலங்களும் வரிசையில் நிற்கின்றன. இந்த முறையில் சிவப்பு லோரி கிடையாது, சிவந்த கோலம் கிடையாது. குவாந்தானில் அத்தையின் கண்ணுக்கே தெரிந்தது இங்கே யார் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே தாளில் இருப்பதைத்தான் நம்ப வேண்டியிருக்கும், தாள் வெளியே வந்தே ஆக வேண்டும்.

முடிந்த பிறகு யார் செலவு என்பதும் அதில் வேண்டும். சபாவில் ரானாவ் பக்கம் மாமுட் செம்புச் சுரங்கம் 1975ல் தொடங்கி 1999ல் மூடப்பட்டது. அந்தக் குழியில் அமிலத் தண்ணீர் இன்றைக்கும் நிற்கிறது. கம்பெனி போய்விட்டது, தண்ணீர் போகவில்லை. புதுக் குத்தகை கொடுக்கும்போதே மூடும் செலவுக்கு எவ்வளவு முன்பணம் வாங்கினார்கள் என்று சொல்லட்டும்.

சட்டமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்பக் கடிதம் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன், மலாயில் ஒன்று, தமிழில் ஒன்று. பேராக் சட்டமன்றம் அடுத்துக் கூடும்போது வாய்மொழிக் கேள்வியாக யாராவது வைக்க வேண்டும், சட்டமன்றத்தில் வைத்தால் பதில் அவைக் குறிப்பில் ஏறிவிடும், யாரும் திரும்ப எடுக்க முடியாது. கேள்வி இதுதான்: மாநிலத்தில் நடப்பிலுள்ள ஒவ்வொரு சுரங்கக் குத்தகைக்கும் லோட் எண், குத்தகைதாரர் பெயர், கடந்த ஆண்டு வெளியேறிய டன், கட்டிய ராயல்டி, மூடுவதற்கான முன்பணம். ஐந்தே விவரம். காஜாங் தம்பி, மலாய்க் கடிதத்தை நீங்கள் ஒருமுறை பார்த்துத் திருத்திக் கொடுங்கள், என் மலாய் பழைய மலாய். கிரிக், லெங்கோங் பக்கம் இருப்பவர்கள், திட்டப் பலகையில் எழுதியிருக்கும் லோட் எண்ணையும் கம்பெனிப் பெயரையும் படம் எடுத்து அனுப்புங்கள். பலகையே இல்லாமல் வேலை நடந்தால் அதையும் எழுதுங்கள், இடத்தைக் குறிப்பிட்டு.